அழகு என்றால் ஆகாது

சிலருக்குத் தூசி ஆகாது. சிலருக்குப் பூனை ஆகாது. பக்கத்து வீட்டுக்குப் பூனை வந்தாலே இவர்கள் இங்கே தும்ம ஆரம்பித்துவிடுவார்கள். நான் உங்களுக்குச் சொல்லப்போகிற இனத்துக்கு அழகு ஆகாது. எல்லா அழகும் இல்லை. பூவிலும் முகத்திலும் மாலை வெயிலிலும் இருக்கும் அழகை மற்றவர்களைப் போலவே, சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ரசிப்பார்கள். அதே அழகை நான்கு கட்டைக்குள் அடைத்து, ஆணியில் தொங்கவிட்டு, கீழே ஒரு சின்ன அட்டையில் பெயரும் எழுதி ஒட்டிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். மூக்கு ஒரு பக்கமாக ஏறிவிடும். தும்மல்தான் வராது. தும்மலுக்குப் பதிலாகப் பேச்சு வரும்.

ஓவியக் கண்காட்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவரா நீங்கள்? இருந்தாலும் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு காதுக்கு இனிமையாக இருந்தால் "இதுல என்ன இருக்கு?" என்பவர் இவர்தான். நாற்காலி உட்கார வசதியாக இருந்தால், செய்தவனுக்குச் சிந்தனை போதாது என்று சந்தேகப்படுபவரும் இவர்தான். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது ஓவியக்கூடத்தில். நான் பார்த்ததும் அங்கேதான்.

என் வேலை அங்கே மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. யாராவது படத்தைத் தொடப்போனால் "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவு சத்தம் வராது. அதனால் இருமுவேன். பதினோரு வருஷமாக இருமிக்கொண்டிருக்கிறேன். ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

எங்கள் கூடத்துக்கு வருகிறவர் கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மற்றவர்கள் போட்ட கோடுகளைப் பார்த்து "இது சரியில்லை" என்று எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற மறுவாரமே கைக்கு நமைச்சல் எடுத்திருக்க வேண்டும். நேராக எங்களிடம் வந்துவிட்டார். வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு அவர்தான் நடுவர். அவரை யார் நடுவராக்கினார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் வந்து படங்களைப் பற்றிப் பேசினார், யாரும் குறுக்கே பேசவில்லை, நடுவராகிவிட்டார். உலகத்தில் பல பேர் பல பதவிகளுக்கு வந்தது இந்த வழியில்தான்.

அவர் ஒரு படத்தைப் பார்ப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வாசலிலேயே நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நிறத்துக்குப் பொருத்தமான கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு கண்ணாடிக்கும் நான்கு துடைப்பு என்று கணக்காகத் துடைப்பார். மாட்டிக்கொண்டு நேராகப் படத்தருகே போய், மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் குனிவார். நான் இருமுவேன். அவர் நிமிர்ந்து, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல் ஏழு அடி பின்னால் நடப்பார். ஏழாவது அடி எப்போதும் யாராவது ஒருவரின் கால்மேல்தான் விழும். பெரும்பாலும் கூடவே வரும் பல் டாக்டரின் கால். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு "ம்ம்", வலப்பக்கம் சாய்த்து ஒரு "ம்ம்". அதன்பின், அறுவை அறையிலிருந்து வெளியே வந்த மருத்துவர் சொந்தக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் சொல்வார்:

"அழகா இருக்கு."

பல் டாக்டர் மிதிபட்ட காலை மெல்ல இழுத்துக்கொள்வார்.

"ஆனா..."

அவ்வளவுதான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எந்தப் படமும் உயிரோடு வீடு திரும்பியதில்லை. நாங்கள் அவருக்கு ஆனா சார் என்று பெயர் வைத்தது இதனால்தான். நாங்கள் என்றால் நானும், படம் மாட்டும் அண்ணனும்.

அவர் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தக் கலர் கண்ணை உறுத்தவே இல்லையே என்று வருத்தப்படுவார். நமக்குக் கண் உறுத்தினால் சொட்டு மருந்து விடுவோம். அவருக்கு உறுத்தாவிட்டால்தான் வியாதி. ஒரு நிறமும் இன்னொரு நிறமும் இவ்வளவு ஒத்துப்போனால் போராட்டம் எங்கே என்பார். இந்தக் காலத்து ஓவியத்தில் அழகுக்கு என்ன வேலை, இணக்கத்துக்கு என்ன வேலை, அதெல்லாம் போர்வைக் கடைக்காரருடைய கவலை என்பார். ஒரு தடவை நீலமும் சாம்பலுமாக ஒரு குளத்துப் படம் வந்தது. வெகுநேரம் நின்றார். "இதைப் பார்த்தா எனக்கு நிம்மதியா இருக்கு. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார். குளம் தோற்றது.

அதே வருஷம் வேறொரு படம் வந்தது. பழுப்பும் ஊதாவும் குழைத்து, நடுவில் ஒரு சைக்கிள் சங்கிலியை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் நேராக என்னிடம் வந்து கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஆனா சார் அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். "துணிச்சல்" என்றார். அதில் ஆனா இல்லை.

இவ்வளவும் சொல்கிறாரே, ஆள் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தலை கலைந்து, பொத்தான் மாறிப் போட்டு? அதுதான் இல்லை. சட்டை, கைக்குட்டை, கண்ணாடியின் கயிறு, பேனா மூடி, எல்லாம் ஒரே குடும்பத்து நிறமாக இருக்கும். தேநீருக்குப் பிஸ்கட் தட்டு வைத்தால், எடுப்பதற்கு முன் அதை வட்டமாக அடுக்குவார். ஒருவர் நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் மீதியை நகர்த்தி இடைவெளியைச் சமன் செய்வார். சுவரில் ஒரு படம் மயிரிழை சாய்ந்திருந்தால் அவரால் பேசவே முடியாது. "தம்பி, இடது பக்கம் இறங்கியிருக்கு" என்பார். படம் மாட்டும் அண்ணன் ரசமட்டத்தை வைத்துக் காட்டுவார். குமிழி நட்டநடுவில் நிற்கும். குமிழிக்குத் தெரியாது என்பார் சார். அண்ணன் படத்தின் ஓரத்தைத் தொட்டு, ஒன்றும் செய்யாமல், கையை எடுத்து, "இப்போ சரியா சார்?" என்பார்.

"இப்போ சரி."

படத்துக்கு உள்ளே எல்லாம் கலைந்து கிடக்க வேண்டும். வெளியே எல்லாம் அடுக்கி இருக்க வேண்டும். இதுதான் இந்த இனத்தின் இலக்கணம்.

நடுவர் குழுவில் இன்னொருவரும் உண்டு: பல் டாக்டர். கட்டடம் அவருடையது. அவருக்கு அழகான படங்கள் பிடிக்கும். பல்லைப் பிடுங்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்து மனம் ஆறுகிற மாதிரி படம் வேண்டும் என்று வருஷா வருஷம் ஆசையோடு வருவார். குளத்துப் படத்தின் முன் அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனா சார் பக்கத்தில் வந்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கு அரிப்பது போல அதையும் துடைத்துக்கொண்டார். ஊரையே வாயைத் திறக்க வைக்கிற மனிதர், ஆனா சார் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருவர் ஏதோ பேசுகிறார், நாலு பேர் கேட்கிறார்கள், பிஸ்கட் தீர்ந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கலர் அக்காவைப் பார்க்கும் வரை.

எங்கள் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. பெரிய ஜன்னல். நாள் முழுக்க வெளிச்சம் வரும், வெயில் விழாது. போட்டியில் வெல்பவருக்கு அந்த அறையின் சாவி ஒரு வருஷத்துக்கு. பரிசு அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவிக்காகத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி கலர் அக்கா.

அக்கா பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவள். ஒரு துண்டுத் துணியையோ உடைந்த ஓட்டுச் சில்லையோ கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று கேட்பார்களே, அவர்களுக்குக் கலக்கித் தருபவள். கலக்கியதில் சிலது வீட்டுக்குப் போய்ச் சுவரில் பூசியதும் திரும்பி வரும். படுக்கையறைக்குக் கேட்ட ரோஜா நிறம் இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று ஒருவர். குழந்தை அறைக்குக் கேட்ட பச்சையைப் பார்த்துக் குழந்தையே அழுகிறது என்று இன்னொருவர். அந்த டப்பாக்களை முதலாளி எடுத்துப்போகச் சொல்லிவிடுவார். அக்கா அவற்றில்தான் படம் போடுகிறாள். யாரும் வேண்டாம் என்ற நாற்பத்தொரு நிறத்தை ஒரு கதவு அகலத் துணியில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு சண்டையும் வராமல் உட்கார வைத்திருப்பாள். எந்த நிறம் எந்த நிறத்தின் பக்கத்தில் இருந்தால் கோபம் தணியும் என்று அவளுக்குத் தெரியும்.

போடுகிற இடம்தான் பிரச்சினை. கூடப்பிறந்த அண்ணனின் குடும்பத்தோடு இருக்கிறாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடைதான் அவள் இடம். யாராவது குளிக்க வேண்டுமென்றால் படத்தைத் தூக்க வேண்டும். ஆறு பேர் உள்ள வீடு. காலையில் ஆறு தடவை தூக்கி, ஆறு தடவை இறக்கி, நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஒரு கோடு. அண்ணி கெட்டவள் இல்லை. தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, படத்தைத் தாண்டிப் போகும்போது, "இது எப்போ முடியும்னு சொன்னா நான் எப்போ குளிக்கலாம்னு பார்த்துக்குவேன்" என்று மட்டும் சொல்வாள்.

மூன்று வருஷம் அக்கா விண்ணப்பித்தாள். முதல் வருஷம் ஆனா சார், "அழகா இருக்கு. ஆனா ரொம்ப சமாதானமா இருக்கு" என்றார். இரண்டாம் வருஷம், இதை மாட்டினால் சுவருக்குத்தான் நல்லது, கலைக்கு இல்லை என்றார். மூன்றாம் வருஷம் ஏழு அடி பின்னால் போனவர் அப்படியே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஒருவருக்கு நான்கு வாய்ப்புதான் என்று ஒரு விதி இருக்கிறது. விதியை எழுதியவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்த மூன்றாம் வருஷம் படத்தை எடுத்துப்போக வந்தபோது எங்கள் படம் மாட்டும் அண்ணன் அவளிடம் கேட்டார்: "அக்கா, இதெல்லாம் ஆளுங்க வேண்டாம்னு தள்ளின கலர்னு நீங்க அட்டையில எழுதி வைக்கலாமில்ல? சார் துள்ளிக் குதிச்சு ரூமைக் குடுத்துடுவாரு."

"குடுப்பாரு. ஆனா அப்புறம் படத்தைப் பார்க்க மாட்டாரு. அட்டையைத்தான் பார்ப்பாரு."

படத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. முடிக்கிற வாரத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து, ஆறு குளியல் ஒன்பதானது. நடை முழுக்க ஆவி. கடைசிப் பூச்சுக்கு அவள் எடுத்தது இரும்புக் கதவுக்கு அடிக்கிற பளபளப்பான மஞ்சள். வறண்ட இடத்திலேயே காய ஒரு நாள் பிடிக்கும், அந்த ஆவியில் எங்கே காய்வது? வேறு வழியில்லாமல் பழைய செய்தித்தாளைப் போட்டுச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, எங்கள் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினாள். நடுவர்கள் பார்க்கும்போது படம் போட்டவர்கள் இருக்கக்கூடாது.

அண்ணன் தாளைப் பிரித்தார். எல்லாம் நன்றாக வந்தது, வலது கீழ் மூலையில் உள்ளங்கை அளவு தவிர. அங்கே மஞ்சளோடு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. மெத்தை விளம்பரம். சுகமாகத் தூங்குகிற ஒரு மனிதரின் மூடிய கண் ஒன்று, பாதி மீசை, அதன் கீழே 'பத்தாண்டு உத்தரவாதம்' என்ற எழுத்து. அண்ணன் இழுத்துப் பார்த்தார். பெயின்டும் சேர்ந்து கிளம்பியது. விட்டுவிட்டார். அக்காவுக்குப் போன் போட்டார். கடையில் கலக்கும் இயந்திரம் ஓடும் சத்தத்தில் அவள் எடுக்கவில்லை. வாசலில் கைக்குட்டை துடைக்கும் ஓசை கேட்டது. ஒரு கண்ணாடிக்கு நான்கு, இன்னொன்றுக்கு நான்கு.

அக்காவின் அறை போனது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனா சார் குனிந்தார். நான் இருமினேன். நிமிர்ந்தார், ஏழு அடி, டாக்டரின் கால், இடது "ம்ம்", வலது "ம்ம்". "அழகா இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஆனா" என்று வாயைக் குவித்தபோது கண் வலது மூலைக்குப் போனது. குவித்த வாய் அப்படியே நின்றது. திரும்ப ஏழு அடி முன்னால் வந்தார். அதற்கு முன், பின்னால் போன பிறகு அவர் மறுபடி முன்னால் வந்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர், இதைப் பாருங்க. இந்த அம்மா மூணு வருஷமா நமக்கு அழகைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. இந்த வருஷம் அந்த அழகையே கிழிச்சிட்டாங்க."

டாக்டர் பார்த்தார். இது மெத்தை விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

"மெத்தைதான். மூடின கண்ணு யாரோடது? நம்மளோடது. அழகுங்கிற மெத்தையில படுத்துத் தூங்குறோம். பத்தாண்டு உத்தரவாதமாம். யாருக்கு, டாக்டர், இங்க உத்தரவாதம்?"

டாக்டர் மெத்தையின் உத்தரவாதத்தைப் பற்றித்தான் யோசித்திருப்பார் போல. சார் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினார். கலர் அக்காவுக்கே அறை என்று முடிவாயிற்று. நாளை மறுநாள் மாலை திறப்பு விழாவில் அவர் பேசி முடித்ததும் சாவி. அதுவரை சாவி அவர் சட்டைப் பையில்.

நான் எழுந்து, "சார், அது ஒட்டிக்கிட்ட தாளு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனும் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஓடி வந்தாள். சாவி கிடைக்கப்போகிறது என்று போனில் சொல்லியிருந்தோம். ஏன் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே வந்தவள் படத்தின் முன்னால் நின்றாள். மூலையைப் பார்த்தாள்.

"யாரு இந்த ஆளு?"

"சாருக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு" என்றார் அண்ணன். எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா என்னிடம் ஒரு ஈரத்துணி கேட்டாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்தது, அவர் படத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த மீசை அங்கே இருந்துவிட்டுப் போகட்டும், சாவி கைக்கு வந்ததும் கழுவிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார்.

"அக்கா, இது நாலாவது தடவை. ரூம் போயிடும்."

"எனக்குத் தெரியாதா? ரூம் வேணும். ராத்திரி பகலா அந்த ஜன்னலைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்." துணியைப் பிழிந்தாள். "ஆனா இந்த ஆளையும் கூட்டிக்கிட்டு அந்த ரூமுக்குப் போக முடியாது, தம்பி. அப்புறம் வருஷம் பூரா அவனுக்குத்தான் படம் போடணும்."

அண்ணன் விலகினார்.

ஈரத்துணியை மூலையில் வைத்து, தாள் ஊறும் வரை பொறுத்திருந்து, விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தாள். முதலில் உத்தரவாதம் போனது. பிறகு மீசை. கடைசியில் கண். எங்கள் கூடத்தில் ஒருவர் படத்தை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. எனக்கு இருமல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அந்த இடத்தில் மெல்லிசாக மஞ்சள் பூசினாள். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாப்பிடாமலே வேலைக்குப் போனாள்.

திறப்பு விழா. கூடம் நிறைந்திருந்தது. ஆனா சார் பழுப்புச் சட்டை, பழுப்புக் கைக்குட்டை. கூடவே அவர் மனைவி. வந்ததும் அந்த அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக் கூடத்துக்குத் திரைச்சீலை வாங்க சோபா உறையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பதினேழு கடை ஏறி இறங்கிய கதையைச் சொன்னார். நிறம் ஒத்துப்போகவில்லை என்று கடைசியில் சோபாவையே மாற்றினாராம் சார்.

பேச்சு ஆரம்பித்தது. சார் படத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். கையில் குறிப்பேடு. அழகு என்பது எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று கால் மணி நேரம். இணக்கம் என்பது எப்படி ஒரு மயக்க மருந்து என்று இன்னொரு கால் மணி. இங்கே டாக்டர் தலையாட்டினார், மயக்க மருந்து அவருக்குத் தெரிந்த விஷயம். பிறகு சார் திரும்பாமலே பேனாவைத் தோளுக்குப் பின்னால் நீட்டி, படத்தின் மூலையைக் காட்டினார். அங்கே பாருங்கள், அந்தக் கிழிசலை, அந்த மூடிய கண்ணை என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். அதைத்தான் நான் மறக்க மாட்டேன். அறுபது எழுபது பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே. முன்வரிசையில் ஒரு பெண்மணி கையில் மயிர்க்கூச்செறிவதைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். ஒரு கல்லூரி மாணவர் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் போனில் படம் எடுத்து, எடுத்ததைப் பார்த்து, தலையாட்டினார். கடைசி வரிசையில் அக்கா, கடைச் சீருடையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க" என்றார் என் பக்கத்தில் இருந்த அம்மா. "எந்த மூலை?"

"வலது பக்கம் கீழ" என்றார் சார்.

"அங்க ஒண்ணும் இல்லையே. மஞ்சளா, அழகா இருக்கு."

கூடத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். சார் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். குனிந்தார். மூலை மஞ்சளாக இருந்தது.

கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஏழு அடி பின்னால் போகவில்லை. அப்படியே நின்று, மூலையிலிருந்து மேலே, மேலேயிருந்து நடுவுக்கு, அந்த இருமல் மருந்து ரோஜாவுக்கு, அதன் பக்கத்துப் பச்சைக்கு என்று பார்த்துக்கொண்டே போனார். வாயில் வாக்கியம் எதுவும் இல்லாமல் அவர் ஒரு படத்தைப் பார்த்து நான் அன்றுதான் கண்டேன். மனதுக்குள் எண்ணினேன். பதினான்கு வரை. அவர் உதடு அசைந்தது. "அழகா" என்றுதான் அசைந்தது, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. "இருக்கு" வரவில்லை. "ஆனா"வும் வரவில்லை.

அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குறிப்பேட்டை மூடினார். இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியாத ஒன்று உண்டு: இவர்கள் தண்ணீரில் விழுந்தால் மூழ்க மாட்டார்கள், தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

"அதான்" என்றார். "முந்தாநாள் இங்க ஒரு காயம் இருந்தது. நானும் டாக்டரும் எங்க கண்ணால பார்த்தோம். இன்னைக்கு இல்ல. தன் காயத்தைத் தானே ஆத்திக்கிட்ட படத்தை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. கைதட்டல் எழுந்தது. மயிர்க்கூச்செறிந்த பெண்மணிக்கு இரண்டாவது முறையாகக் கூச்செறிந்தது. மாணவர் மூலையை மறுபடியும் படம் எடுத்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் சாரின் பக்கத்தில் போய், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ... அழகா இருக்குன்னு சொல்லலாமா சார்?"

"இப்போ தாராளமா சொல்லலாம் டாக்டர். இது ஆறி வந்த அழகு."

"அழகா இருக்கு" என்றார் டாக்டர். இன்னொரு தடவையும் சொன்னார், பலமாக. பல வருஷம் சீழ் கட்டிக் கிடந்த பல் வெளியே வந்த முகம் அவருக்கு.

சாவி அக்கா கைக்குப் போனது. கொடுக்கும்போது சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காயத்தை ஆற்ற வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

"ஈரத்துணி வச்சேன் சார்."

சார் குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் "இதுல ஈரத்துணி எங்க இருக்கு?" என்று கேட்கிறார். கேட்பவர்கள் தேடுகிறார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது.

மாடியில் அக்கா படம் போடுகிறாள். வீட்டில் அண்ணி நேரத்துக்குக் குளிக்கிறாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இந்த இனத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ஒன்று கேட்கட்டுமா? அந்த அறை அக்காவுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று உங்களுக்கு எந்த இடத்தில் தோன்றியது? வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த டப்பாக்கள் என்று நான் சொன்ன இடத்திலா? குளியலறை வாசலில் ஆறு தடவை படத்தைத் தூக்கினாள் என்ற இடத்திலா? நல்ல படம், பாவம், இதைப் போய்த் தள்ளுகிறாரே என்று சார்மேல் கோபம் வந்ததா இல்லையா?

எந்தப் படம்?

நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையே. ஒரு மஞ்சள் மூலையும், இருமல் மருந்து நிறமும், ஒரு பச்சையும் சொன்னேன். மீதி முப்பத்தெட்டு நிறமும் எங்கே இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அட்டையைப் படித்தீர்கள், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தலையாட்டிவிட்டீர்கள்.

பரவாயில்லை, எங்கள் கூடத்துக்கு ஒரு நாள் வாருங்கள். படம் கீழ்த்தளத்தில்தான் மாட்டியிருக்கிறது. முன்னால் நின்று பாருங்கள். பின்னால் நகருமுன் டாக்டர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்து, "அழகா இருக்கு" என்று சொல்லி, அதோடு நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். அடுத்த சொல்லுக்கு வாய் குவியும்போது மூலையிலிருந்து ஓர் இருமல் கேட்டால், அது உங்களுக்குத்தான்.